சட்டத்தரணி கைவிட்டால் எங்கே முறையிடுவது? களுவாஞ்சிகுடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால். களுவாஞ்சிகுடிப் பக்கம் அம்மாவின் பேரில் உள்ள ஒரு காணிக்கு வேறொருவர் உரிமை கொண்டாட, இவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். கத்தாரில் இருக்கும் அண்ணன்தான் செலவுக்குக் காசு அனுப்பியவர். சட்டத்தரணி தவணைக்கு வரவில்லை, "நீங்கள் வரத் தேவையில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதால் அம்மாவும் போகவில்லை, வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. அதே ஆளிடம்தான் தங்கச்சியின் சீதன வீட்டுக்கும் உறுதி (உரிமைப் பத்திரம்) எழுதக் கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்து வைத்து மாதக்கணக்காகியும் உறுதி கைக்கு வரவில்லை. இப்போது போன் எடுத்தால் கிளார்க்தான் பேசுகிறார். "இந்த ஆளின் கறுப்புக் கோட்டைக் கழற்ற வைக்க எங்கே எழுதவேண்டும்?" என்பது தம்பியின் கேள்வி.

நான் நீதிமன்றப் பதிவாளர் பகுதியில் நெடுங்காலம் இருந்தவன், சட்டத்தரணி அல்ல. எங்கே எழுதுவது என்பதைக் கீழே விவரமாகவே சொல்கிறேன். ஆனால் தம்பி, அந்த முறைப்பாடு வெற்றி பெற்றாலும் உங்கள் வழக்கு திரும்ப வராது, உறுதி பதியப்படாது, காசும் தானாக வராது. ஒழுக்காற்று நடவடிக்கை என்பது அந்த ஆள் இந்தத் தொழிலில் தொடர்ந்து இருக்கலாமா என்பதைத் தீர்மானிக்க மட்டும்தான். உங்களுக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரங்கள் வேறு, அவை முறைப்பாட்டுக்காக நிற்கமாட்டா. கோபத்தில் முதலில் பெட்டிசம் எழுதிப்போட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்து, காணியையும் விட்டவர்களை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் வழக்கு. வழக்காளி தரப்பு தவணைக்கு வராததால் தள்ளுபடியான வழக்கை மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேட்க, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 87 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதற்கு நாள் கணக்கு எழுதப்படவில்லை, "நியாயமான காலத்துக்குள்" என்றுதான் இருக்கிறது, அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நாள் இல்லை என்றால் நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். தள்ளுபடி தெரிந்த கிழமையே ஓடவேண்டும், ஏனென்றால் அதே விடயத்துக்குப் புதிதாக இன்னொரு வழக்குப் போடவும் அந்தப் பிரிவு தடை. நீங்கள் பிரதிவாதியாக இருந்து, வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்திருந்தால் கணக்கு இன்னும் இறுக்கம்: 86 ஆம் பிரிவின்படி அந்தத் தீர்ப்பாணை உங்கள் கைக்குக் கிடைத்து 14 நாட்களுக்குள் மனு. விசாரணை முழுதாக நடந்து தீர்ப்பு வந்த வழக்கு என்றால் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாள்.

"எங்கட சட்டத்தரணி வரவில்லை, அது எங்கட பிழையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றம் நேர்மையாக நடந்த தவறையும் வெறும் கவலையீனத்தையும் பிரித்துப் பார்க்கும். சட்டத்தரணியின் கவலையீனம் கட்சிக்காரர் தலையில்தான் விடியும் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிடவும் முடியும். அம்மாவை வரவேண்டாம் என்று அவர் சொன்னதற்கு ஏதாவது சான்று, ஒரு வட்ஸ்அப் குரல் பதிவாவது, இருந்தால் அதன் பெறுமதி இங்கேதான் முதலில். முறைப்பாட்டுக்கு என்று பத்திரப்படுத்தி வைத்துவிட்டு இந்த மனுவில் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

இதற்குப் புதிய சட்டத்தரணி வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். பழைய ஆளுக்கு அம்மா புறொக்சியில், அதாவது வழக்கில் தனக்காகத் தோன்ற அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார், அது வழக்கேட்டில் இருக்கும். அது இருக்கும்வரைக்கும் அந்த வழக்கில் அவர்தான் ஆள், அம்மா தானே எழுந்து நின்று கதைக்கவும் ஏலாது, புதியவர் பத்திரம் தாக்கல் செய்யவும் ஏலாது. அதே சட்டக்கோவையின் 27 ஆம் பிரிவின்படி, பழையவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு, அம்மா கையெழுத்திட்ட எழுத்தால் அதை ரத்துச் செய்யவேண்டும். அவரே ஒத்துக்கொண்டு விலகினால் சுலபம். சண்டை பிடிக்க முன்னர் இதை மரியாதையாகக் கேட்டு முடித்துக்கொள்வது புத்தி. கோப்பைத் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் பதறவேண்டாம், வழக்கின் கட்சிக்காரர் என்ற முறையில் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுக்கலாம். எந்தத் தவணையில் யார் வந்தார், யார் வரவில்லை, என்ன கட்டளை என்பதெல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கும். பின்னால் நீங்கள் எழுதப்போகும் முறைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஏனென்றால் இது நீங்கள் சொல்வது அல்ல, நீதிமன்றம் எழுதியது.

அடுத்தது உறுதி. எங்கள் பக்கத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு எழுதாமல் கல்யாணம் நடப்பது அரிது, அதனால் உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டு வாசலைக் காணாத குடும்பமும் இல்லை. ஆனால் கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்கவேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் போட்ட விதி, அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத பாதி இது: நொத்தாரிசு எழுதுவது மூன்று. மூலம் உங்களுக்கு, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு, மூன்றாவது அவருடைய கோவையில். இந்த மாதம் எழுதியவற்றின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன் அவர் பதிவகத்துக்கு அனுப்பியாகவேண்டும், அது அவருடைய சட்டக் கடமை. அதோடு மூலத்தைப் பதியவும் கொடுக்கவேண்டும்.

ஆகவே நாளைக்கே காணிப் பதிவகத்துக்குப் போய் தங்கச்சியின் வீட்டுக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று பதிவேட்டைத் தேடுங்கள் (அம்பாறைக் கரையோர ஆட்கள் என்றால் பெரும்பாலும் கல்முனைப் பதிவகம்). பதிந்திருந்தால் நிம்மதி, மூலத்தை வாங்குவது மட்டும்தான் மிச்சம். பதியாமல் கிடந்தால் ஆபத்து எங்கே என்றால், அதே வீட்டைப் பின்னால் ஒருவர் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி அவருடைய உறுதி உங்களுடையதை முந்திவிடும். இதில் எழுதியவர் அம்மா, அம்மா இன்னொருவருக்கு விற்கப்போவதில்லை, அதனால் உங்களுக்கு ஆபத்துக் குறைவு. வெளியாளிடம் காணி வாங்கியவர்கள்தான் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஓடவேண்டும்.

நொத்தாரிசு வேலையில் நடந்த பிழைக்கு முறைப்பாடு பத்தரமுல்லையில் இருக்கும் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு. பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டு தொப்பியும் போட்டிருப்பார், சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும். எந்த வேலையில் பிழை விட்டார் என்று பிரித்து எழுதவேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் குழைத்து அனுப்பினால் இரண்டு இடத்திலும் "இது எங்களுடையது அல்ல" என்று ஒரு பாதி வெட்டுப்படும். (இன்னொன்று, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை உறுதி எழுதிக் கைமாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அது செல்லாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 இலிருந்து இருக்கிறது, குடியேற்றத் திட்டக் காணிகளில் இன்றைக்கும் இப்படிக் கடதாசி வாங்கி ஏமாறுகிறார்கள்.)

சரி, இப்போது கோட்டுக்கு வருவோம்.

இலங்கையில் ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ அதிகாரம் உள்ள இடம் ஒன்றே ஒன்று, நாட்டின் உச்சியில் இருக்கும் உயர் நீதிமன்றம். மட்டக்களப்பு நீதவானுக்கும் அந்த அதிகாரம் இல்லை, மாவட்ட நீதிபதிக்கும் இல்லை, அவர்கள் மேலே அறிக்கை அனுப்பலாம், அவ்வளவுதான். நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு எழுதுகிறார்கள், அது நீதிபதிகளையும் நீதிமன்ற ஊழியர்களையும் பார்க்கும் இடம். அமைச்சருக்கும் அரசாங்க அதிபருக்கும் பிரதி போட்டு எழுதுவதால் தபால் செலவுதான். அப்புறம் யூடியூப். தமிழ்நாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "பார் கவுன்சிலுக்கு எழுதலாமா" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார். அது இந்தியாவின் 1961 ஆம் ஆண்டுச் சட்டம், 35 ஆம் பிரிவு, அங்கே வழக்கறிஞர்களின் மன்றமே தண்டிக்கும். இங்கே அப்படி இல்லை.

இங்கே உள்ள சட்டம் 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம். அதன் 42 ஆம் பிரிவு சொல்வது: ஏமாற்று, தொழில்முறைத் துர்நடத்தை, குற்றம் ஆகியவற்றில் குற்றவாளியாகக் காணப்படும் சட்டத்தரணியை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் சேர்ந்திருந்து இடைநிறுத்தலாம், அல்லது நீக்கலாம். அதற்கு முன் குற்றச்சாட்டின் பிரதியை அவர் கையில் கொடுத்து, காரணம் காட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். எது துர்நடத்தை என்பதற்கு 1988 டிசம்பரில் வர்த்தமானியில் வந்த உயர் நீதிமன்ற விதிகள் இருக்கின்றன, சட்டத்தரணிகளின் நடத்தையும் ஒழுங்கும் பற்றியவை. கட்சிக்காரரின் இரகசியம், நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தாமை, தரகர் வைத்து வழக்குப் பிடிக்காமை எல்லாம் அதில் வரும். கடைசிப் பக்கம் உள்ள 60 ஆம் விதிதான் வலை மாதிரி: நல்ல பெயரும் திறமையும் உள்ள மற்றச் சட்டத்தரணிகள் பார்த்து இழிவு என்று சொல்லக்கூடிய எந்த நடத்தையும் கூடாது. நீதிமன்றத்துக்குள் நடந்துகொண்ட விதத்துக்கே தண்டனை வந்ததும் உண்டு. 2019 இல், பொதுநல வழக்குகளால் நாடே அறிந்த ஒரு சட்டத்தரணியை மூன்று வருடம் இடைநிறுத்தினார்கள்.

இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. வழக்குத் தோற்றது துர்நடத்தை அல்ல. பீஸ் கூட என்பதும், எங்கட அப்புக்காத்து எதிர்த்தரப்பு ஆளோடு கன்டீனில் தேநீர் குடித்தார், ஆகவே விலைபோய்விட்டார் என்பதும் அல்ல. நீதிமன்றத்தில் மோதுவதும் வெளியே வந்து ஒன்றாகத் தேநீர் குடிப்பதும் அவர்கள் தொழில், அதைப் பிழை பிடித்து எழுதினால் உங்கள் முறைப்பாட்டின் மிச்சப் பகுதிக்கும் மரியாதை போய்விடும். ஒரே விடயத்தில் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தால், கட்சிக்காரருக்காக வாங்கிய காசைத் தன் பையில் போட்டால், வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தை வேறு விதமாகப் பாவித்தால், இல்லாத கட்டளையை இருக்கிறது என்று சொன்னால், அதெல்லாம் துர்நடத்தை. தவணைக்கு வராதது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு தடவை தவறியது கவனக்குறைவு. வராமல் இருந்துவிட்டு, வழக்குத் தள்ளுபடியான பிறகும் "வழக்கு நல்லாப் போகுது" என்று சொல்லி இன்னும் காசு வாங்கியிருந்தால் அது ஏமாற்று. தம்பியின் விடயத்தில் தள்ளுபடித் திகதிக்குப் பிறகு அண்ணன் காசு அனுப்பினாரா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் விடயம். இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முறைப்பாட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று நேரே உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசருக்கு முகவரியிட்டு. மற்றது இலங்கை சட்டத்தரணிகள் சங்கம், கொழும்பு 12 மிஹிந்து மாவத்தையில், புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சங்கம் தானாகத் தண்டிக்காது, விசாரித்து, விடயம் இருக்கிறது என்று கண்டால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். ஊரில் உள்ள சட்டத்தரணிகள் சங்கக் கிளையிடம் சொல்லலாம், சில நேரம் தலைவர் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதும் கோப்பும் காசும் திரும்பிவிடும், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆனால் அதற்குச் சட்ட வலு எதுவும் இல்லை.

எங்கே கொடுத்தாலும் சத்தியக்கடதாசியாக (உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட்ட வாக்குமூலமாக) கொடுங்கள், வெறும் கடிதம் நிற்காது. சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் கையெழுத்து. கிறிஸ்தவர் என்றால் சத்தியம், இந்து, முஸ்லிம் என்றால் உறுதியுரை, இந்த இரண்டையும் மாற்றி எழுதி மாட்டிக்கொண்ட கடதாசிகள் உண்டு. அம்மாதான் கட்சிக்காரர், ஆகவே அம்மாவின் பேரில், அம்மாவுக்கு நேரே தெரிந்ததை மட்டும், திகதி வரிசையில். "ஊரெல்லாம் இவரைப் பற்றி இப்படித்தான் சொல்கிறார்கள்" என்பது வேண்டாம். பொய்ச் சத்தியக்கடதாசி குற்றம், கோபத்தில் கூட்டிச் சொன்ன ஒரு வரியைப் பிடித்துத்தான் குறுக்கு விசாரணையில் உலுப்புவார்கள். தமிழில் எழுதலாம், அது உரிமை. ஆனால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கட்டினால் கொழும்பில் சும்மா கிடக்கும் காலம் குறையும். உரிமை வேறு, நடைமுறை வேறு, என்ன செய்ய.

அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்பார்கள், விசாரணை வைப்பார்கள், அம்மா கொழும்புக்குப் போய்ச் சாட்சி சொல்லவேண்டி வரலாம். உயர் நீதிமன்றம் குற்றப்பத்திரம் கொடுத்து எடுத்தால் சட்டமா அதிபர் தரப்பும் சட்டத்தரணிகள் சங்கத் தரப்பும் வரும். ஒருவரின் பிழைப்பைப் பறிக்கிற விடயம் என்பதால் சந்தேகத்தை வைத்துச் செய்யமாட்டார்கள், அது சரியும்தான். எச்சரிக்கையோடு முடியலாம், சில மாதமோ சில வருடமோ இடைநிறுத்தம் வரலாம், பெயரே நீங்கலாம், நீங்கியவர் பின்னொரு காலத்தில் திரும்பச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கவும் முடியும். நடுவில் அவர் காசைத் திருப்பித் தந்தால் வாங்குங்கள், ஆனால் விடயம் அதோடு தானாக முடியாது. இது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அல்ல, அவருக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உள்ளது. "வாபஸ் வாங்குங்கோ, காசு தாறன்" என்று நிபந்தனை போட்டு எழுதித் தரச் சொன்னால் புதிய சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம்.

காசு தனிக் கணக்கு. குறிப்பிட்ட வேலைக்கென்று நம்பிக் கொடுத்த காசை எடுத்துக்கொண்டால் அது குற்றவியல் நம்பிக்கை மோசடி, பொலிஸில் முறையிடலாம். பீஸாகக் கொடுத்த காசு என்றால் பொலிஸ் "சிவில் பிரச்சினை" என்று சொல்லும், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாங்குவதற்குக் காலாவதிக் கட்டளைச் சட்டம் நாள் குறித்திருக்கிறது: எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம், கவலையீனத்தால் வந்த நட்டத்துக்கு 2 வருடம். எங்கள் ஆட்கள் பற்றுச்சீட்டே வாங்குவதில்லை என்பதால் 6 என்பதை மறந்துவிடுங்கள். கொழும்பு முடிவு வரட்டும் என்று இருந்தால் இந்த 2 வருடம் சத்தமில்லாமல் போய்விடும்.

"மட்டக்களப்பில் எந்தச் சட்டத்தரணியும் இன்னொருவருக்கு எதிராக எழுதித் தரமாட்டார்" என்றும் எழுதியிருந்தீர்கள். முழுப்பொய் என்று சொல்லமாட்டேன், ஒரே சட்டத்தரணிகள் வட்டத்தில் தினமும் முகம் பார்க்கிற ஆட்கள். ஆனால் சத்தியக்கடதாசியைச் சட்டத்தரணிதான் எழுதவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வழக்கைத் திரும்ப எடுக்கிற மனுவுக்குத்தான் ஆள் வேண்டும், அதற்குக் கல்முனையிலோ திருகோணமலையிலோ உள்ள ஒருவரைப் பிடிக்கலாம், வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள். மறுபக்கம், முறைப்பாட்டை முகநூலில் போடும் எண்ணம் இருந்தால் விடுங்கள். 2002 இல் குற்றவியல் அவதூறு எடுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மை, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போட அவருக்கு வழி இருக்கிறது, 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, பிறகு நீங்கள் முறைப்பாட்டாளராக இல்லாமல் பிரதிவாதியாக நிற்பீர்கள்.

அண்ணன் விடயம். அவர் அனுப்பிய காசு நேரே சட்டத்தரணியின் கணக்குக்குப் போயிருந்தால் வங்கிச் சீட்டே போதும். அம்மாவின் கணக்குக்கு வந்து அம்மா எடுத்துக் கிளார்க்கின் கையில் கொடுத்திருந்தால், அம்மா எடுத்த திகதியும் தொகையும் வங்கிப் புத்தகத்தில் இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள், "சட்டத்தரணியிடம் கொடுத்தேன்" என்று சுருக்கவேண்டாம், கிளார்க் என்றால் கிளார்க். அண்ணன் இதற்காக லீவு போட்டு வரத் தேவையில்லை, தோஹாவில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் தன் சத்தியக்கடதாசியை முடித்து, அனுப்பிய ரசீதுகளோடு மூலப்பிரதியைக் கூரியரில் அனுப்பினால் சரி.